பட்டணத்தில் பட்டன், கழனியில் மோட்டார்

கேள்வி: ''பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி இருக்கிறது. மாமனார் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். போர் மோட்டாரைப் போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி வாங்கி மாட்டினோம். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. இப்போது அந்தக் கம்பெனியின் ஆப் திறப்பதே இல்லை. போன் செய்தாலும் யாரும் எடுப்பதில்லை. 'பெட்டியில் பழுது எதுவும் இல்லை' என்கிறார் எலெக்ட்ரீஷியன். பாலிடெக்னிக் படிக்கும் என் கொழுந்தனார், 'ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஏற்றி நாமே ஓட்டிக்கலாம் அண்ணி' என்கிறார். நம்பலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆப் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், மாமா கேபிளைத் தொடப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் இங்கிருந்தே மோட்டாரைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குப் பயம்.''

- வாசகி ஒருவர், எம்.கே.பி. நகர், சென்னை.

பதில்: வாசகி இரண்டாவதாகக் கேட்டதுதான் அவசரமானது. அதற்கான பதிலை முதலில் பார்த்துவிடலாம்.

நடந்ததை அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். கணவர் மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தப் பராமரிப்புத் தொழிலாளி. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பொன்னேரி போய்விடலாம். ஆனாலும் ஷிஃப்ட் மாறி மாறி வருவதால், மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போனாலே அதிகம். நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கும் சமயம். ஒரு நாள் காலையில் மும்முனை கரண்ட் வந்துவிட்டதாக ஆப் காட்டியது. டீ இடைவேளையில் மகன் பட்டனை அழுத்தினார்.

அதே நேரத்தில் அப்பா போர் வாயருகே உட்கார்ந்திருந்தார். சப்மெர்சிபிள் கேபிள் ஜாயின்ட்டில் சுற்றியிருந்த டேப் வெயிலில் பிய்ந்து கிடந்தது. பழைய டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, புது டேப் எடுக்கக் கொட்டகைக்கு எழுந்து போனார். வாசலில் கால் வைக்கும்போது ஸ்டார்ட்டர் 'டக்'கென்று இழுத்தது. திரும்பிப் பார்த்தால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. ''யாருப்பா மோட்டாரப் போட்டது?'' என்று அவர் போனில் கேட்ட பிறகுதான் மகனுக்கு விஷயமே தெரிந்தது. டேப் மடியிலேயே இருந்திருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

பெரியவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. 'மோட்டார் நிற்கிறது, அதைப் போட வேண்டுமானால் நான்தான் போட வேண்டும்' என்பது அவருடைய பல வருடப் பழக்கம். பெட்டியை மாட்டிய அன்றே அந்தப் பழக்கம் செல்லாமல் போய்விட்டது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெட்டி விற்றவர், மாட்டியவர், வாங்கிக் கொடுத்த மகன் எல்லோருமே போனில் எப்படிப் போடுவது என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மோட்டார் நிற்பது வேறு, கரண்ட் இல்லாதது வேறு

ஸ்டார்ட்டரில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்கும். ஆனால், ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று பேஸிலும் 415 வோல்ட் அப்படியே நிற்கும். போனில் வரும் ஒரு சமிக்ஞை போதும், அது அடுத்த நொடியே மோட்டாருக்குப் போய்விடும். பழைய 'ஆட்டோ ஸ்விட்ச்' போட்டிருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கரண்ட் போய்த் திரும்பும்போது மோட்டார் தானாக ஓடும்.

ஆகவே மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர், பெட்டி எதைத் தொடுவதாக இருந்தாலும், முதலில் மெயின் ஸ்விட்சை இறக்க வேண்டும். பிறகு மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும். கட்டை மடியில் இருக்கும்வரை சென்னையிலிருந்து யார் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. அதன் பிறகும் டெஸ்டரை வைத்து மூன்று பேஸையும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வாசகியின் கணவருக்கு இது புதிய பாடமாக இருக்காது. பெரிய தொழிற்சாலைகளில் ஒரு இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போகிறவர், அதன் மின் ஸ்விட்சை இறக்கித் தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். அவர் வந்து திறக்கும்வரை மேலதிகாரியே சொன்னாலும் ஸ்விட்சை ஏற்ற மாட்டார்கள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் வேலை பார்க்கிற எத்தனையோ பேர் தினமும் பார்க்கிற வழக்கம் இது. அதை ஊரில் இருக்கும் அப்பாவின் கொட்டகைக்கும் கொண்டுபோக வேண்டும். பூட்டுப் போடும் வசதியுள்ள மெயின் ஸ்விட்ச், ஒரு சிறிய பூட்டு, ஒரு சாவி. சாவி அப்பாவிடம்.

இதோடு இன்னும் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, பெட்டிக்குப் பக்கத்தில் 'போன் - கை' என்று மாற்றிக்கொள்ளும் செலக்டர் ஸ்விட்ச். அது 'கை' பக்கம் இருந்தால் போன் கட்டளை எடுபடக் கூடாது. (இது மெயின் ஸ்விட்சுக்கு மாற்று அல்ல, கூடுதல் காவல்.) இரண்டு, 'இந்த மோட்டார் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடும்' என்று கொட்டகையிலும் போர் வாயிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை. கூலிக்கு வருபவருக்கும், ஆடு மேய்க்க வரும் பிள்ளைக்கும் இந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாது. மூன்று, பட்டனை அழுத்துவதற்கு முன்னால் போன் செய்து, அந்தப் பக்கத்திலிருந்து ''போடுப்பா'' என்ற சொல் வந்த பிறகே அழுத்துவது என்ற வீட்டு வழக்கம்.

நல்ல பெட்டி ஏன் ஊமையானது?

இனி முதல் கேள்வி. பல கம்பெனிப் பெட்டிகளில், எம்.கே.பி. நகரில் அழுத்தும் பட்டன் நேராகப் பொன்னேரிக்குப் போவதில்லை. அது கம்பெனியின் சர்வர் கணினிக்குப் போய், அங்கிருந்துதான் பெட்டிக்கு வரும். கம்பெனி சர்வரை நிறுத்திவிட்டால் பெட்டி நல்ல நிலையில் இருந்தும் காது கேட்காததாகிவிடும்.

இப்படி நடப்பது நம் ஊரில் மட்டுமல்ல. அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே 15-ம் தேதியோடு நிறுத்தியது. வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் டப்பாவாக மிஞ்சியது. அங்குள்ள விவசாயிகள், தங்கள் டிராக்டரின் மென்பொருளைத் தாங்களே பார்த்துப் பழுது நீக்கும் உரிமைக்காக நெடுநாள் போராடினார்கள். விவசாயக் கருவிகளுக்கு அந்த உரிமையைத் தரும் சட்டத்தை 2023-ல் முதன்முதலாக இயற்றியது கொலராடோ மாநிலம்.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், தன் தாத்தா மோட்டார் போடுவதற்காகத் தோட்டத்துக்கு அலைந்ததைப் பார்த்து, போனில் பம்பை இயக்கும் 'நானோ கணேஷ்' கருவியை உருவாக்கினார். நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் 2009-ல் அது பரிசு பெற்றது. சாதாரண பட்டன் போனே அதற்குப் போதும். போன் அழைப்பிலோ குறுஞ்செய்தியிலோ நேரடியாக இயங்கும் இந்த வகைப் பெட்டிகளுக்கு நடுவில் சர்வர் தேவைப்படுவதில்லை.

நாட்டு விதை போல ஒரு மென்பொருள்

ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூல மென்பொருளை விவசாயிக்கு விளக்க விதையை உதாரணமாகச் சொல்லலாம். வீரிய ஒட்டு விதை வாங்கினால் ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் கையை விரித்தால் விதைப்பு நின்றுவிடும். நாட்டு விதையை எடுத்து வைத்து விதைக்கலாம், பக்கத்துக் கழனிக்காரருக்கும் கொடுக்கலாம். ஆனால், அதைக் காயவைத்து, வண்டு அண்டாமல் காப்பது நம் பொறுப்பு. திறந்த மூல மென்பொருளும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம். கெட்டுப்போனால் திட்டுவதற்குக் கம்பெனி இருக்காது.

தொலைவில் இருக்கும் சிறு கருவிகளை மேய்ப்பதற்கு உலகம் முழுவதும் பயன்படும் சில மென்பொருட்கள் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ் தொடங்கியது 'டாஸ்மோட்டா'. அதே வேலைக்கு இன்னொன்று 'ஈ.எஸ்.பி. ஹோம்'. இவை பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் ஏறும். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் 'ஹோம் அசிஸ்டன்ட்' அல்லது 'திங்ஸ்போர்டு' ஓடினால், அதுதான் நம் சொந்த சர்வர். இரண்டுக்கும் நடுவில் சேதி கொண்டுபோகும் வழிமுறை எம்.க்யூ.டி.டி. இது 1999-ல் உருவானது. பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாய்களின் நிலவரத்தை, செலவு பிடிக்கும் செயற்கைக்கோள் இணைப்பில் மிகச் சிறிய சேதிகளாக அனுப்புவதற்காக உண்டாக்கியது. அதனால்தான் சிக்னல் திணறும் கழனியிலும் அது தாக்குப்பிடிக்கிறது.

ஆனால், எல்லாப் பெட்டியிலும் இவற்றை ஏற்ற முடியாது. இவை பெரும்பாலும் ஏறுவது ஈ.எஸ்.பி. 8266 அல்லது ஈ.எஸ்.பி. 32 வகைச் சிப்பில்தான். சிம் போடும் பெட்டிகள் பலவற்றில் வேறு சிப் இருக்கும். கொழுந்தனார் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். மென்பொருள் ஏற்றும்போது பெட்டிக்கு மெயின் கரண்ட் எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது. சிப்பின் முனைகளிலேயே கரண்ட் வரும்படி அமைந்த பெட்டிகளும் இருக்கின்றன.

புதிதாக வந்த வசதிகளில் விவசாயிக்கு உதவுபவை

இந்த மென்பொருட்களில் சில ஆண்டுகளாகப் பல வசதிகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. நகரத்து வீட்டு விளக்குகளை நினைத்துச் செய்தவைதான் அதிகம். மோட்டாருக்கு உதவுபவை இவை:

1. கரண்ட் வந்தால் என்ன செய்வது? டாஸ்மோட்டாவில் 'பவர்-ஆன்-ஸ்டேட்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நாம் தொடாமல் விட்டால், கரண்ட் போவதற்கு முன் ரிலே எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பும். அதாவது, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தானாக மறுபடி ஓடும். மோட்டாருக்கு இது கூடாது. அந்த அமைப்பை 0 என்று மாற்றினால், கரண்ட் திரும்பினாலும் ரிலே ஆஃபிலேயே நிற்கும். பெட்டியை மாட்டும் முன் செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுதான்.

2. கடிகாரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். 'போடு' என்ற கட்டளை போய்ச் சேர்ந்தது, 'நிறுத்து' என்ற கட்டளை போகும்போது சிக்னல் இல்லை. போன் வழி மோட்டார்களில் அடிக்கடி நடக்கும் தொல்லை இது. டாஸ்மோட்டாவின் 'பல்ஸ்-டைம்' இதற்கு மருந்து. அதில் 3700 என்று போட்டால் 3,600 நொடி, அதாவது சரியாக ஒரு மணி நேரத்தில் ரிலே தானாக விட்டுவிடும். (எண்ணிலிருந்து 100-ஐக் கழித்தால் வருவது நொடிக் கணக்கு.) இணையம் அறுந்தாலும், லேப்டாப் நின்றாலும், சிப் தானே எண்ணி நிறுத்தும். ரிலே விட்டால் மோட்டார் நிற்கும்படி எலெக்ட்ரீஷியன் இணைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

3. பெட்டி உயிரோடு இருக்கிறதா? எம்.க்யூ.டி.டி. வழிமுறையில் 'கடைசி விருப்பம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெட்டி இணைப்பில் சேரும்போதே, 'நான் காணாமல் போனால் இந்தச் சேதியை எல்லோருக்கும் சொல்லிவிடு' என்று ஒப்படைத்துவிடும். தொடர்பு அறுந்த சிறிது நேரத்தில் போனில் 'ஆஃப்லைன்' என்று வந்துவிடும். பட்டனை அழுத்திவிட்டு, ஓடுகிறது என்று நம்பிப் பயிரைக் காயவிடும் ஏமாற்றம் இதனால் குறையும். ஆனால், ரிலே இழுத்தது என்பதற்கு மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளக்கும் சென்சாரையும் சேர்த்தால்தான் அது தெரியும். போரில் தண்ணீர் இறங்கி, பம்பு வெறுமனே ஓடினால் ஆம்பியர் குறைவதும் அதிலேயே தெரிந்துவிடும்.

4. தூரத்திலிருந்தே மென்பொருள் புதுப்பித்தல். முன்பெல்லாம் பெட்டியைக் கழற்றி வயர் போட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும். இப்போது காற்றுவழியே புதுப்பிக்கலாம். திங்ஸ்போர்டில் இந்த வசதி 2021-ல் வந்தது. எந்தக் கருவிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரே பட்டியலில் காட்டும் வசதி ஹோம் அசிஸ்டன்ட்டில் 2022 ஏப்ரலில் வந்தது.

5. புதுப்பித்தல் கெட்டால் மீள்வது. ஈ.எஸ்.பி. 32 சிப்பில் பழைய பதிப்பு ஓர் அறையிலும், புதிய பதிப்பு இன்னோர் அறையிலும் இருக்கும். புதியது ஒழுங்காகத் துவங்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பும்படி அமைக்க முடியும். ஈ.எஸ்.பி. ஹோமில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வழக்கமான அமைப்பில், தொடர்ந்து 10 முறை துவங்கத் தவறினால் அது பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். மற்ற வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு, திருத்தப்பட்ட மென்பொருளை வாங்கிக்கொள்ள மட்டும் காத்திருக்கும். இப்படி இருந்தாலும், தண்ணீர் பாயும்போதோ, கழனியில் ஆள் இல்லாதபோதோ, பூக்கும் பருவத்திலோ புதுப்பிக்கக் கூடாது. மோட்டார் மெயினை இறக்கிவிட்டு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது புதுப்பித்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அதனால் பெட்டிக்குத் தனி இணைப்போ பேட்டரியோ இருப்பது நல்லது.

கொழுந்தனாருக்கு மட்டும் சில வார்த்தைகள்

சின்ன ரிலேயில் மோட்டாரை நேராக இணைக்கக் கூடாது. அது ஸ்டார்ட்டரின் காயிலுக்குத்தான் கட்டளை கொடுக்க வேண்டும். நம் பம்புசெட் ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் காயில் 415 வோல்ட்டில் இயங்கும். கடையில் கிடைக்கும் சின்ன ரிலேக்கள் பெரும்பாலும் 250 வோல்ட் வரைதான் தாங்கும். நடுவில் பொருத்தமான இன்னொரு ரிலே வைக்க வேண்டும். இந்த வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஓவர்லோடு ரிலே, சிங்கிள் பேஸிங் தடுப்பு, சிவப்புப் பட்டன் மூன்றும் புது இணைப்புக்குப் பிறகும் பழையபடி வேலை செய்ய வேண்டும். பெட்டி செத்துப்போனாலும் பெரியவர் பச்சைப் பட்டனை அழுத்தித் தண்ணீர் பாய்ச்ச முடிய வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றாமல் விடக் கூடாது. 2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், கம்பெனி வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் லட்சக்கணக்கில் புகுந்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. வீட்டு லேப்டாப்பை இணையத்துக்கு அப்படியே திறந்துவிடாமல், பூட்டிய வழியில்தான் இணைக்க வேண்டும். கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி அண்ணியிடமும் கொடுத்து வைக்க வேண்டும். கொழுந்தனார் நாளைக்கு வேலை கிடைத்து ஓசூருக்கோ துபாய்க்கோ போய்விட்டால், இந்தக் குடும்பம் மறுபடியும் பழைய இடத்தில் வந்து நிற்கக் கூடாது. கம்பெனி போனதால் நின்றதும், தம்பி போனதால் நின்றதும் பயிருக்கு ஒன்றுதான்.

புதுப் பெட்டி வாங்குவோர் கேட்க வேண்டியவை

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இல்லாதவர்கள் ஓப்பன் சோர்ஸ் பக்கம் போக வேண்டியதில்லை. கடைப் பெட்டியே போதும். ஆனால், காசு கொடுக்கும் முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். கம்பெனி சர்வர் நின்றாலும் போன் அழைப்பில் அல்லது குறுஞ்செய்தியில் ஓடுமா? நேரக் கணக்கு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா? கரண்ட் திரும்பினால் தானாக ஓடாமல் வைக்க முடியுமா? கையால் போடும் பட்டன் எப்போதும் வேலை செய்யுமா? சிம் 2ஜி-யா, 4ஜி-யா? ஜியோவில் 2ஜி கிடையாது. எனவே 2ஜி மட்டும் உள்ள பெட்டியில் அந்த சிம் வேலை செய்யாது. அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் போதும் என்கிற பெட்டிக்கு, டேட்டா இல்லாத ரீசார்ஜ் திட்டங்களைக் கேட்டு வாங்கலாம். அப்படியும் திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்திருக்கிறது.

தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை, கைபேசியால் இயங்கும் பம்புசெட் கட்டுப்படுத்தும் கருவிக்கு மானியம் தருகிறது. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவிகிதம் அல்லது 7,000 ரூபாய், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் அல்லது 5,000 ரூபாய் என்று இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. இதில் எது குறைவோ அது கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடப்பு ஆண்டு நிலவரத்தையும், அங்கீகரித்த கருவிகளின் பட்டியலையும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ரசீதோடு போய் நிற்பவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

கேள்வி: ''மகன் திருவொற்றியூரில் இருக்கிறான். என் போனில் ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்தே என் திரையைப் பார்த்துச் சரி செய்கிறான். இது நல்லதா? ஊரில் சிலர் பணம் போய்விடும் என்கிறார்கள்.''

- வாசகர் ஒருவர், மீஞ்சூர்.

பதில்: மகன் செய்தால் உதவி, முகம் தெரியாதவர் செய்தால் கொள்ளை. கருவி ஒன்றுதான். தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்லி வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பி.எம். கிசான் தவணை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்புவதும் இதே ரகம்தான். அதைத் திறந்தால் ஓ.டி.பி. உட்படப் போனில் வரும் எல்லாமே திருடன் கைக்குப் போய்விடும்.

மகன் 'ரஸ்ட்டெஸ்க்', 'மெஷ்சென்ட்ரல்' போன்ற திறந்த மூல மென்பொருட்களைப் பயன்படுத்தினால், நடுவில் வேறு கம்பெனி இல்லாமல் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். 'இவர் உள்ளே வரலாமா?' என்று ஒவ்வொரு முறையும் திரையில் கேட்டு, அப்பா சரி என்ற பிறகே திறக்கும்படி மெஷ்சென்ட்ரலில் அமைக்க முடியும். அந்த அமைப்பை மகன் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும். அப்பாவுக்கு விதி ஒன்றுதான். மகனே போன் செய்து, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் 'சரி' என்பதைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் செயலியை மூடிவிட வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஊராரிடம் யோசனை கேட்டு நேரத்தைப் போக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வழி உண்டு.

கடைசியாக, தண்ணீர்

பட்டன் கைக்கு வந்தால் தண்ணீர் விடுவது சுலபமாகிவிடும். சுலபமானது மிதமிஞ்சிப் போகும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் இது வெறும் சிக்கனப் பேச்சு இல்லை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், 1960-களின் இறுதியிலிருந்தே இங்கே கடல்நீர் பூமிக்கடியில் உள்ளே ஏறத் தொடங்கியது. ஒரு கிணற்றுக்காரர் அதிகமாக இறைத்தால், உப்பு பக்கத்துக் கிணற்றுக்காரருக்கும் சேர்த்து வருகிறது.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. சுமார் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் நீளக் குழாயில் கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து வைத்தால் போதும். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும், 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சலாம். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம் மட்டும் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். இது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறை. தண்ணீரில் 30 சதவிகிதம் வரை மிச்சமாகும். உப்பு அதிகமுள்ள நிலத்தில் காய விடுவதற்கு முன், தண்ணீரையும் மண்ணையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழாயை எட்டிப் பார்க்கப்போவது எம்.கே.பி. நகரில் இருக்கும் மகன் இல்லை, கழனியில் நிற்கும் அப்பாதான். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, வரப்பு உடைந்திருக்கிறதா, கேபிள் பிய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆகவே வாசகி வீட்டார் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது: இந்த வார விடுமுறையில் பூட்டு, பலகை, செலக்டர் ஸ்விட்ச். அந்தக் கேபிள் ஜாயின்ட்டை எலெக்ட்ரீஷியனை வைத்து முறையாகப் போட்டுவிடுவது. அதன் பிறகு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொழுந்தனார் சிப்பைப் பார்ப்பது. ஏற்ற முடிந்தால் மென்பொருளை ஏற்றி, ஒரு வாரம் வீட்டிலேயே மேசைமேல் ஒரு பல்பை வைத்து ஓட்டிப் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் கழனிக்குக் கொண்டுபோவது.

அதன் பிறகும், பட்டனை அழுத்தும் முன் ஒரு போன். ''அப்பா, போடட்டுமா?''